அணை நீர்மட்ட அட்டவணை என் காதுக்கும் எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சின்னமனூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விழித்திரை நோயால் 36-வது வயதில் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதற்குப் பிறகும் தங்கள் நாளிதழை நான் விடவில்லை. பல வருடம் மனைவி வாசிக்கக் கேட்டேன். இப்போது இணையதளத்தைத் திறந்து வைத்துக் கணினி வாசிக்கக் கேட்கிறேன். தலையங்கம், மாவட்டச் செய்தி, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைகள் எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. ஒன்று மட்டும் வருவதில்லை. தினமும் காலையில் தாங்கள் வெளியிடும் அணை நீர்மட்ட அட்டவணை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் அந்த அட்டவணை எவ்வளவு முக்கியம் என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிறது. அணையில் எத்தனை அடி, எவ்வளவு வருகிறது, எவ்வளவு திறக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நாற்றுப் பாவுவதா, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதா என்று முடிவு செய்வார்கள். என் அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நான் ஆறாவது படிக்கும்போதிருந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுவேன். "பெரியாறு என்ன சொல்லுது?" என்பார். நான் இடது கை விரலைப் பெரியாறு என்ற பெயரில் வைத்து, வலது கை விரலை மேலே நீர்வரத்து என்ற தலைப்பில் வைத்து, இரண்டையும் நகர்த்திச் சேர்ப்பேன். இரண்டு விரலும் சந்திக்கும் இடத்தில் இருக்கிற எண்தான் விடை.

அட்டவணை என்பது இதுதான். கோடு போட்ட கட்டம் அல்ல. ஒரு எண்ணுக்கு மேலே ஒரு தலைப்பு, பக்கத்தில் ஒரு பெயர். இரண்டும் சேர்ந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் வரும். பார்வை உள்ளவர்களின் கண் இந்த வேலையைத் தானாகவே செய்துவிடும். அதனால்தான் அப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதே பலருக்கும் தெரிவதில்லை. எனக்கு ஒரு நேரத்தில் ஒரு எண்தான் காதில் விழும். அந்த எண் எந்த அணைக்கு, எந்தத் தலைப்புக்கு என்பதையும் யாராவது கூடவே சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது தங்கள் தளத்தில் அட்டவணை எழுத்தாகத்தான் இருந்தது, படமாக இல்லை. பார்க்கிறவர்களுக்கு வரிசை பிசகாமல் அழகாக இருந்ததாக என் தம்பி சொல்வான். என் காதில் விழுந்ததோ வேறு மாதிரி. முதலில் ஐந்து அணைகளின் பெயரும் ஒரே மூச்சில் வரும்: பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி. பிறகு உச்சபட்ச நீர்மட்டம் ஐந்தும் வரிசையாக: 142, 71, 57, 126.28 என்று போகும். அதற்குப் பிறகு இன்றைய நீர்மட்டம் ஐந்து, நீர்வரத்து ஐந்து, வெளியேற்றம் ஐந்து. மேலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனிப் பெட்டியாகத் தட்டச்சு செய்து, பெட்டிகளை அடுத்தடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு அட்டவணை. கணினிக்கு அது ஐந்து தனிப் பட்டியல்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். செய்யுளில் சொற்களைப் பொருத்திப் பொருள் கொள்ளும் முறையான பொருள்கோளின் வகைகளில் நிரல்நிறை என்று ஒன்று உண்டு. "கண்ணனும் வள்ளியும் பாலும் தேனும் குடித்தார்கள்" என்றால் கண்ணன் பால், வள்ளி தேன் என்று வரிசைப்படி பொருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு பெயர், இரண்டு பொருள் என்றால் அது அழகு. ஐந்து பெயரைச் சொல்லிவிட்டு இருபது எண்களை அடுக்கினால், கேட்கிறவன் விரல் மடக்கி எண்ணத்தான் வேண்டும். நானும் அப்படித்தான் தினமும் எண்ணினேன்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், நீர்வரத்துப் பட்டியலில் பெரியாற்றுக்கு உரிய இடம் காலியாக இருந்திருக்கிறது. அன்று காலை தகவல் வரவில்லை போலும். பார்க்கிறவர்களுக்கு வெற்றிடம் தெரிந்திருக்கும். கணினி வெற்றிடத்தை வாசிக்காமல் தாண்டி, அடுத்து இருந்த வைகையின் எண்ணைச் சொன்னது. பட்டியலில் முதல் எண் என்பதால் அதைப் பெரியாற்றின் கணக்கு என்று எடுத்துக்கொண்டேன். "தம்பி, பெரியாறுக்கு ஆயிரம் கனஅடிக்கு மேல வருதுடா" என்று போனில் சொன்னேன். உண்மையில் அது வருசநாட்டுப் பக்கம் கோடை மழை பெய்து வைகைக்கு வந்த தண்ணீர். "அப்படியாண்ணே, அப்ப ஒண்ணாந்தேதி தண்ணி நிச்சயம்" என்று அவன் கிணற்று நீரை வைத்து அன்றைக்கே விதை நெல்லை ஊற வைத்துவிட்டான். ஜூன் முதல் தேதி மதகு திறக்கவில்லை. திறந்தபோது நாற்று முற்றிவிட்டது. நட்டதில் பாதிக்கு மேல் தூர் கட்டவில்லை. அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நானும் ஒருதடவ பாத்திருக்கணும்ணே" என்றான், அவ்வளவுதான். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

அதற்குப் பிறகு தளத்தைப் புதுப்பித்தீர்கள். அட்டவணை இப்போது வண்ணப் படமாக வருகிறதாம். என் கணினி அந்த இடத்துக்கு வந்தால் "படம்" என்று சொல்லி, கோப்பின் பெயராக இருக்கிற நீளமான எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கிறது. அத்தோடு முடிந்தது. முன்பாவது எண்ணிப் பார்க்க எண்கள் இருந்தன.

நான் பயன்படுத்துவது என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள். மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர் 2006-ல் தொடங்கியது, ஜேம்ஸ் டே என்ற இன்னொரு ஆஸ்திரேலியர் பிறகு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். விலை கிடையாது, தமிழும் வாசிக்கும். வலைப்பக்கத்தில் இருக்கும்போது விசைப்பலகையில் ஆங்கில 'டி' எழுத்தை அழுத்தினால் அடுத்த அட்டவணைக்குத் தாவும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறி விசையை அழுத்தினால் கட்டம் கட்டமாக மேலே, கீழே, பக்கவாட்டில் போகலாம். நான் சின்ன வயதில் இரண்டு விரலை வைத்துச் செய்த அதே வேலைதான். ஆனால் பக்கத்தை உருவாக்குகிறவர் அதை உண்மையான அட்டவணையாக உருவாக்கியிருந்தால் மட்டுமே இது நடக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என்னிடம் பத்தாம் வகுப்புத் தமிழ் படித்த ஒரு பெண் இப்போது கோயம்புத்தூரில் வலைத்தளம் உருவாக்கும் வேலையில் இருக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளிடம் குறையைச் சொன்னேன். "ஐயா, அரை மணி நேரம் குடுங்க" என்று சொல்லி, திண்ணையில் உட்கார்ந்தபடியே அன்றைய ஐந்து அணைகளுக்கும் ஒரு பக்கம் உருவாக்கி, அதன் சுட்டியை எனக்கு அனுப்பினாள். 'டி' அழுத்தினேன். "தேனி மாவட்ட அணைகள், காலை 6 மணி நிலவரம்" என்று தலைப்பு வந்தது. எத்தனை வரிசை, எத்தனை பத்தி என்று சொன்னது. ஒரு கட்டம் கீழே, மூன்று கட்டம் வலப்பக்கம் போனேன். "நீர்வரத்து, விநாடிக்குக் கனஅடி" என்று முதலில் தலைப்பைச் சொல்லிவிட்டுப் பிறகு எண்ணைச் சொன்னது. அங்கிருந்து அப்படியே கீழே இறங்கினேன். "வைகை" என்று பெயரைச் சொல்லி அதன் எண்ணைச் சொன்னது. "மஞ்சளாறு" என்றது, "தகவல் வரவில்லை" என்றது. அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன்பு இந்த இரண்டு வார்த்தை இருந்திருந்தால் தம்பியின் நாற்று முற்றியிருக்காது.

அவள் என்ன செய்தாள் என்று விசாரித்து எழுதி வாங்கினேன், தங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயன்படும் என்று. அவள் சொன்னதை என் மொழியில் தருகிறேன். வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான ஹெச்டிஎம்எல்லில் அட்டவணைக்கென்றே 'டேபிள்' என்ற குறி இருக்கிறது. அதில் எண் இருக்கிற கட்டத்துக்கு 'டிடி', தலைப்பு இருக்கிற கட்டத்துக்கு 'டிஹெச்' என்று வேறு வேறு குறி. பலர் எல்லாக் கட்டத்துக்கும் 'டிடி'யே போட்டுவிட்டு, தலைப்பை மட்டும் தடித்த எழுத்தாக்கி விடுகிறார்கள். தடித்த எழுத்து கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியும், கணினிக்கு அது இன்னொரு கட்டம். 'டிஹெச்' போட்ட பிறகு, அது கீழே இருக்கிற பத்திக்குத் தலைப்பா, பக்கத்தில் இருக்கிற வரிசைக்குத் தலைப்பா என்று 'ஸ்கோப்' என்ற ஒரு சொல்லில் சொல்லிவிட வேண்டும். அணையின் பெயரும் தலைப்புத்தான் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்களாம். மேல் வரிசையை மட்டும் தலைப்பாக்கிவிட்டு, பெரியாறு, வைகை என்ற பெயர்களைச் சாதாரணக் கட்டமாக விட்டுவிட்டால், நான் கீழே இறங்கும்போது எந்த அணையில் நிற்கிறேன் என்று தெரியாது. அட்டவணை முழுவதற்குமான பெயரை 'கேப்ஷன்' என்ற குறிக்குள் தர வேண்டும். தேதியும் நேரமும் அதிலேயே இருந்தால் நல்லது.

இதெல்லாம் புதிய தொழில்நுட்பம் இல்லை. 'ஸ்கோப்' 1997-ல் வந்த ஹெச்டிஎம்எல் நான்காம் பதிப்பிலேயே இருக்கிறது. அட்டவணையில் வரிசைத் தலைப்பையும் பத்தித் தலைப்பையும் அடையாளம் காட்ட வேண்டும் என்பது, உலக வலைத்தளக் கூட்டமைப்பு 1999-ல் வெளியிட்ட முதல் அணுகல்தன்மை வழிகாட்டியிலேயே கட்டாயப் பட்டியலில் இருந்தது. அரசுத் தளங்களுக்கான இந்திய வழிகாட்டி நெறிமுறைகள் 2009-ல் வந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் 42-வது பிரிவு தகவல் தொழில்நுட்பம் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்று சொல்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்ட இதை எழுதவில்லை. கேட்பது புதுச் சலுகை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

படத்தில் இருப்பதை வார்த்தையில் சொல்லும் மாற்று உரையைப் படத்தோடு சேர்த்து எழுதினால் போதாதா என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். பூங்கொத்துப் படத்துக்கு அது போதும். இருபது, முப்பது எண்களை ஒரு நீள வாக்கியமாக எழுதினால் நான் மறுபடியும் பழைய நிரல்நிறைக்கே திரும்பிப் போகிறேன். அதில் மேலே கீழே நகர முடியாது.

படமாகப் போட்டால் எல்லா செல்போனிலும் ஒரே மாதிரி தெரியும், டேபிளாகப் போட்டால் சின்னத் திரையில் அகலம் பிடிக்காமல் உடைகிறது என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். அது நியாயமான கஷ்டம்தான். ஆனால் என் தம்பிக்குப் பார்வை நன்றாக இருக்கிறது, 58 வயதாகிறது, வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறான். வயலில் நின்றுகொண்டு அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்தால் எண்கள் மங்கிவிடுகின்றன என்கிறான். 3-ஆ 8-ஆ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறான். பெரிதாக்கிய பிறகு அணையின் பெயர் திரைக்கு வெளியே போய்விடுகிறது, எந்த வரிசை என்று தெரிவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு எண்ணை மட்டும் எடுத்து அனுப்பவும் வழியில்லை. போன மாதம் இதே நாளில் எவ்வளவு இருந்தது என்று தேடினாலும் படத்துக்குள் இருப்பது சுலபத்தில் அகப்படாது. ஆக, படம் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிகிறது என்பது சரியில்லை.

அகலத்துக்கு என் மாணவி சொன்ன வழி எளியது. அட்டவணையை மட்டும் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்படி ஒரு சட்டகத்துக்குள் வைத்து, முதல் பத்தியில் இருக்கிற அணைப் பெயர் நகராமல் நிற்கும்படி செய்யலாம். அதைவிட நல்லது, தேவையில்லாத பத்தியைக் குறைப்பது. செல்போனுக்காக வரிசைகளைப் பிரித்து ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றாள். அதற்காக டேபிள் திரையில் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் 'டிஸ்ப்ளே' அமைப்பை மாற்றினால் சில பிரவுசர்களில் அது டேபிள் என்ற அடையாளமே போய்விடுமாம். பார்க்க நன்றாக இருக்கும், நான் 'டி' அழுத்தினால் தாண்டிப் போய்விடும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. இப்போதைய படத்தில் நீர்மட்டம் ஏறிய அணை பச்சை, இறங்கிய அணை சிவப்பு என்று தம்பி சொன்னான். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஆண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் ஓவிய வகுப்பில் இலைக்குச் செம்மண் நிறம் அடித்த பையனை எனக்கு நினைவிருக்கிறது. நிறம் இருக்கட்டும், அழகுதான். கூடவே "உயர்வு", "குறைவு" என்று ஒரு சொல்லும் இருக்கட்டும்.

காலிக் கட்டத்தைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் பட்டவன் நான். நீர்வரத்து 0 என்பது ஒரு செய்தி. ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். தகவல் கிடைக்கவில்லை என்பது வேறு செய்தி. இரண்டுக்கும் சிலர் ஒரே சின்னக் கோடு போட்டுவிடுகிறார்கள், சிலர் ஒன்றுமே போடாமல் விடுகிறார்கள். கோட்டை என் மென்பொருள் சில சமயம் வாசிக்கும், சில சமயம் விட்டுவிடும். தயவுசெய்து வார்த்தையாக எழுதுங்கள்.

மழையளவையும் அணைக் கணக்கையும் ஒரே கட்டத்துக்குள் கொண்டுவந்து, நடுவில் இரண்டு மூன்று கட்டங்களை இணைத்து ஒரு பெரிய தலைப்பு போடுவதையும் தவிர்க்கலாம். மழைக்குத் தனி அட்டவணை, அணைக்குத் தனி அட்டவணை. இணைத்த கட்டம் எப்படிப் படுத்தும் என்பதை ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வுக் காலத்தில் பார்த்திருக்கிறேன். காலிப் பணியிடப் பட்டியல் ஒன்றில் ஒன்றியத்தின் பெயரை இருபது பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே கட்டத்தில் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டாவது பள்ளிக்குப் போனபோது எந்த ஒன்றியம் என்று தெரியவில்லை. மறு வருடம் அதே பட்டியல் காகிதத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃபாக வந்தது. பட்டியலே இல்லாமல் போனது. அதற்கு முன்பு ஒரு பட்டியல், ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்தது. பாமினியில் 'தமிழ்' என்று தெரிகிற சொல், கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். அப்படியேதான் அது எனக்கு வாசித்தது. தங்கள் தளம் முழுவதும் தமிழை உண்மையான தமிழ் எழுத்தாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோடில் இருக்கிறது, அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

கடைசியாக அலகு. "அடி", "கனஅடி", "மில்லியன் கனஅடி" என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டாம், தலைப்பில் ஒரு முறை எழுதினால் போதும். ஆனால் அங்கே சுருக்காமல் எழுதுங்கள். "மி.க.அ." என்றால் என் கணினி எழுத்துக் கூட்டுகிறது. பார்க்கிறவர்களுக்காக எண்களை வலப்பக்கம் ஒட்டி, தசமம் இரண்டு இலக்கம் என்று ஒரே சீராக வைத்தால், தம்பி போன்றவர்களுக்கு ஒன்றன் கீழ் ஒன்றை ஒப்பிட வசதி. 118.4-க்குக் கீழே 54.20 என்று இருந்தால் கண் தடுமாறும் என்கிறான்.

என் மாணவி உருவாக்கிய பக்கத்தைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அவளுக்குச் சம்மதம். தினமும் எண்களை மட்டும் மாற்றினால் போதும். மாற்றிப் போட்ட முதல் வாரம் முழுவதும் நான் கேட்டுப் பார்த்து, எங்கே தடுக்குகிறது என்று அன்றன்றைக்கே எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன். காலை ஆறரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவேன், எனக்கு வேறு வேலை இல்லை.

இந்த வருட முதல் போகத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தம்பி விதை நெல் வாங்கி வைத்துவிட்டான். நேற்று ராத்திரி போன் செய்து, "பெரியாறு எவ்வளவுண்ணே?" என்று கேட்டான். அவனே பார்த்திருக்கலாம். என்னிடம்தான் கேட்டான். "காலையில சொல்றேன்டா" என்றேன். இன்று காலை தங்கள் பக்கத்தைத் திறந்து 'டி' அழுத்தினேன். அடுத்த அட்டவணை இல்லை என்று சொன்னது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சின்னமனூர் வட்டாரம், தேனி மாவட்டம்